டிரக் ஏசி குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் நீங்களே செய்ய வேண்டிய வேலைகள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் போன கோடையில் ஒரே வண்டிக்கு மூன்று முறை ஏசி கேஸ் நிரப்பினேன். நவம்பரில் ஒன்று, பொங்கலுக்கு முன்பு ஒன்று, தைப்பூசக் காவடி முடிந்த வாரம் ஒன்று. மூன்று முறையும் பணத்தை வாங்கிக்கொண்டு "இனிமேல் பிரச்சினை இல்லை, அண்ணா" என்றுதான் அனுப்பினார்கள். மூன்றாவது முறை மட்டும் கேஸோடு ஒளிரும் சாயமும் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தேன். ஒரு நடை ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்பி, இரவு டர்பன் கிளேர்வுட் யார்டில் கேபினைத் தூக்கி வைத்து, புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காம்ப்ரசரிலிருந்து கேபினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடம் விரல் நகத்தின் அளவுதான். அது மட்டும் இருட்டில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னியது. மூன்று முறை கொடுத்த பணமும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

ஏசி கேஸ் டீசல் மாதிரி ஓட ஓடத் தீரும் பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஹோஸ் வழியாகவும் காம்ப்ரசர் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஒரு மாதத்தில் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். இன்னொரு விஷயம்: ஏசி குளிராத வண்டிகளில் பலவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும். குப்பை அடைத்த கண்டென்சர், செத்துப்போன ரிலே, ஒழுங்காக மூடாத ஹீட்டர் வால்வு என்று காரணம் வேறாக இருக்கும். இவற்றை நாமே பார்க்கலாம், நாமே சரிசெய்யலாம்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், மியர்பேங்க், ஃபீனிக்ஸ் பக்கம் ஒன்றிரண்டு டிரக் வைத்து ஓட்டும் நம் ஆட்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் நாமக்கல்காரன். ஊரில் லாரி என்போம், இங்கே டிரக். இழுக்கும் முன்வண்டிக்கு இங்கே ஹார்ஸ் என்று பெயர். பெயர் எதுவானாலும் ஏசி வேலை செய்யும் விதம் ஒன்றுதான். 56 டன் மொத்த எடையோடு, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் மலை ஏறுகிறவருக்கு ஏசி ஆடம்பரம் இல்லை. டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் கண் செருகும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கடக்க வேண்டிய இடங்களும் வழியில் உண்டு. வான் ரீனன் கணவாயில் பனிமூட்டம் இறங்கும்போது முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை வேகமாகத் துடைத்துத் தருவதும் ஏசிதான். அது காற்றைக் குளிர்விப்பதோடு உலரவும் வைக்கிறது.

முதலில் பாதுகாப்பு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கேபினைத் தூக்குவதாக இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்க், டூல் பெட்டி, படுக்கைக்கு அடியில் உள்ள சாமான்கள் எல்லாவற்றையும் முதலில் இறக்குங்கள். கேபின் முழுதாகச் சாய்ந்து, தாங்குகோலோ பூட்டோ விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தலையை அடியில் விட வேண்டும். பாதியில் நிற்கும் கேபினுக்கு அடியில் யாரும் போகக் கூடாது, ஒரு போல்ட்டை மட்டும் எட்டி எடுக்கக்கூட.

கேஸ் குழாய்களைத் தொடும் வேலை எதுவானாலும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். பெரும்பாலான டிரக்குகளில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். வெளியே வந்ததும் அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது. கண்ணில் பட்டால் பார்வை போகலாம், தோலில் பட்டால் உறைபுண் வரும். அதன் பக்கத்தில் நெருப்பு வைத்தால் நச்சு அமில ஆவி உண்டாகும். ஆகவே பீடி, சிகரெட், வெல்டிங் எல்லாம் தூர இருக்கட்டும்.

வால்வை அமுக்கிக் கேஸைக் காற்றில் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தைத் தென்னாப்பிரிக்கா 2019இல் ஏற்றுக்கொண்டது. கேஸை உறிஞ்சி எடுப்பது, வேக்குவம் போடுவது (பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிடுவது), திரும்ப நிரப்புவது ஆகிய மூன்றையும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் (இங்கே கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ள ஆளிடம் கொடுங்கள். மற்ற எல்லாமே நம் கைக்குள் அடங்கும் வேலை.

எப்படிக் குளிர்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காம்ப்ரசர் கேஸை அமுக்கிச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டு வெப்பம் வெளியேற, கேஸ் திரவமாகிறது. திரவம் டிரையர் என்ற குப்பி வழியாக வருகிறது. அந்தக் குப்பி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டரில் திரும்ப ஆவியாகிறது. ஆவியாகும்போது கேபின் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரத் துணி போர்த்திய மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று ஆவதும் இதே கணக்குதான்.

எனவே கோளாறு மூன்றே இடத்தில்தான் இருக்க முடியும்: காற்று சரியாக ஓடவில்லை, மின்சாரம் சரியாகப் போகவில்லை, அல்லது கேஸ் சரியாகச் சுற்றவில்லை. இந்த வரிசையிலேயே பாருங்கள். நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்குவதால்தான் பணம் போகிறது.

ஓட்டும்போதே கவனிக்க வேண்டியவை

டூல் பெட்டியைத் திறக்கும் முன், கோளாறு எப்போது வருகிறது என்று டிரைவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். நீங்களே டிரைவர் என்றால் ஒரு நடை முழுக்கக் கவனித்து எழுதி வையுங்கள்.

சமதளத்தில் நன்றாகக் குளிர்ந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் 'டவுன் ஹில்' என்ற மலை ஏற்றத்தில் மட்டும் சூடாகிறதா? அப்படியானால் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. பாரத்தோடு மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று இருக்காது, ஃபேன் மட்டும்தான் துணை. கண்டென்சர் அடைத்திருந்தாலோ, ஃபேனின் விஸ்கஸ் கப்ளிங் (சூடு ஏறியதும் ஃபேனைப் பிடித்துச் சுற்ற வைக்கும் இணைப்பு) பிடிக்காவிட்டாலோ அழுத்தம் ஏறி, ஹை பிரஷர் சுவிட்ச் காம்ப்ரசரை அணைத்துவிடும்.

முதல் ஒரு மணி நேரம் ஜில்லென்று வந்து, பிறகு வெண்டில் (டேஷ்போர்டில் காற்று வரும் வாயில்) காற்றே குறைந்து, கால் மணி நேரம் அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறதா? எவாப்பரேட்டரில் பனிக்கட்டி கட்டுகிறது. டர்பன் ஈரத்தில் இது அடிக்கடி நடக்கும். எவாப்பரேட்டர் சென்சாரோ தெர்மோஸ்டாட்டோ சரியான நேரத்தில் காம்ப்ரசரை நிறுத்தவில்லை என்று பொருள்.

காற்றின் வேகம் குறையாமல், குளிர் மட்டும் வந்து வந்து போகிறதா? குழாய்க்குள் ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் உறைகிறது என்று சந்தேகிக்கலாம். டிரையர் தன் ஆயுளை முடித்துவிட்டது.

ஐடிலில் வெந்நீர் மாதிரி வந்து, ஓட ஓட ஓரளவு குளிர்கிறதா? கேஸ் குறைவாக இருக்கலாம், காம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம், கண்டென்சர் அடைப்பும் இதே மாதிரி காட்டும்.

ஜூலை மாதக் காலையில் ஹாரிஸ்மித்தில் ஏசி பட்டனை அழுத்தினால் காம்ப்ரசர் பிடிக்கவில்லை என்று ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தான். அது கோளாறே இல்லை. பூஜ்யம் டிகிரியில் ஆர்-134ஏ அழுத்தம் 2 பார் அளவுதான் நிற்கும். லோ பிரஷர் சுவிட்ச் அங்கேதான் வெட்டும். வெயில் ஏறியதும் தானாகப் பிடித்துக்கொண்டது.

காற்று ஓடும் வழி

கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். பல ஐரோப்பிய டிரக்குகளில் முன்பக்கக் கிரில்லைத் திறந்தாலே கைக்கு வரும். மண்சாலையில் ஓடும் வண்டியென்றால் ஃபில்டர் செங்கல் மாதிரி கனக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டுப் புளோயரைப் போட்டுப் பாருங்கள். காற்று சட்டென்று கூடினால் காரணம் தெரிந்துவிட்டது. தட்டிவிட்டுத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள். புளோயர் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். தட்டினால் ஓடி, பிறகு நின்றுவிட்டால் மோட்டார் பிரஷ் தேய்ந்திருக்கும்.

கேபின் தரை ஈரமாகி, நாற்றம் அடிக்கிறதா? எவாப்பரேட்டரில் வடியும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. கீழே தொங்கும் அதன் முனையைக் கண்டுபிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாகத் துழாவுங்கள். கம்பியால் குத்தினால் எவாப்பரேட்டரையே ஓட்டை போட்டுவிடுவீர்கள்.

இப்போது கண்டென்சர். இந்த ஊர் வண்டிகளுக்கு இதுதான் பெரிய எதிரி. குவாசுலு-நட்டாலில் கரும்பு வெட்டும் பருவம் ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் வெட்டும் முன் வயலைக் கொளுத்துவார்கள். அந்தக் கரிச்சாம்பல் கண்டென்சர் இதழ்களில் படிந்து, அதன் மேல் பூச்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி ஆகிவிடும். ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றும் வண்டிகளில் அதே வேலையைக் கரித்தூள் செய்கிறது.

முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். குப்பை அதற்கும் பின்னால் இருக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான சந்தில் இருக்கிறது. கண்டென்சரைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றினால், கேஸ் குழாயைத் தொடாமலே நாலு விரல் அளவு முன்னால் சாய்க்க முடிகிற வண்டிகள் உண்டு. அந்தச் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் மென்மையான பிரஷ்ஷால் இதழ்களின் திசையிலேயே துடையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, சாதாரண குழாய்த் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் பாயும்படி விடுங்கள். வண்டி கழுவும் பிரஷர் மெஷினை நேராகப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிப் படுத்துவிடும், அப்புறம் காற்றே போகாது. வடியும் தண்ணீர் கறுப்பு நிறம் போய்த் தெளிவாகும்வரை விடக் கூடாது. என் வண்டியில் முதல் முறை இதைச் செய்தபோது முக்கால் மணி நேரம் கறுப்பாகவே வடிந்தது.

எஞ்சின் சூடானதும் ஃபேன் பிடிக்கும்போது அதன் இரைச்சல் மாறும். கேட்டுப் பழகுங்கள். சூடான எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேன் நின்ற பிறகு கையால் சுழற்றிப் பாருங்கள். எந்தத் தடையும் இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் விஸ்கஸ் கப்ளிங் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹீட்டர் வால்வு

இதை யாருமே பார்ப்பதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். ஏசி நன்றாகக் குளிர்வித்தாலும், ஹீட்டர் குழாயில் வெந்நீர் போய்க்கொண்டே இருந்தால் அந்தக் காற்று வழியிலேயே சூடாகிவிடும். வெப்ப அளவைக் குறைந்தபட்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். இரண்டுமே கொதித்தால், ஹோஸ் கிளாம்ப்பால் ஒன்றை நசுக்கி மூடிவிட்டு, திரும்ப எஞ்சினைப் போட்டு வெண்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். குளிர் வந்துவிட்டால் ஏசியில் குற்றம் இல்லை. ஹீட்டர் வால்வைத்தான் மாற்ற வேண்டும். ஹீட்டரில் எப்போதும் வெந்நீர் ஓடும்படியே அமைத்து, உள்ளே இருக்கும் கதவால் காற்றைத் திருப்பும் வண்டிகளும் உண்டு. அவற்றில் அந்தக் கதவை அசைக்கும் மோட்டாரைப் பாருங்கள்.

மின்சாரம்

ஏசியைப் போட்டால் காம்ப்ரசர் முகப்பில் 'டக்' என்று கேட்க வேண்டும். கிளட்ச் தட்டு புல்லியோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கிளட்ச் காயில் என்ற வரிசையில் போங்கள். ஹார்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே வகையாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிது.

மல்டிமீட்டரை எடுங்கள். இந்த ஊர் ஐரோப்பிய டிரக்குகள் 24 வோல்ட். கிளட்ச் வயரைக் கழற்றி, எஞ்சின் ஓட ஏசி போட்ட நிலையில் கனெக்டரில் 27, 28 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கம்பிகளையும் சட்டை நுனியையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வையுங்கள். வோல்ட் வருகிறது, கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள். 24 வோல்ட் காயில் ஏறக்குறைய 12 முதல் 17 ஓம் காட்டும். 12 வோல்ட் வண்டியில் 3 முதல் 5 ஓம். முடிவில்லாமல் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். வோல்ட் இருபதுக்குக் கீழே வந்தால் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கடல் உப்புக் காற்றில் டர்பன் வண்டிகளின் எர்த் முனைகள் பச்சை பிடித்துவிடும்.

காலையில் பிடித்து, எஞ்சின் சூடானதும் பிடிக்காமல் போகும் கிளட்ச்சில் இடைவெளியை அளந்து பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பல காம்ப்ரசர்களுக்கு 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் சரி. தேய்மானத்தால் இடைவெளி கூடிவிட்டால், சூடான காயிலின் காந்த சக்தி தட்டை இழுக்கப் போதாது. நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால் உள்ளே மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டித் திரும்ப அளந்து பாருங்கள். 'காம்ப்ரசர் போச்சு' என்று கேட்ட வண்டியில் இந்த ஒரு வளையத்தை எடுத்ததோடு வேலை முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிரஷர் சுவிட்ச்சைத் தாண்டி வயர் போட்டுச் சோதிக்கும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. இரண்டு வயர் சுவிட்ச்சில், ஓரிரு வினாடிக்கு மட்டும், கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். அப்படியே கட்டிவிட்டு ஓட்டக் கூடாது. காம்ப்ரசருக்கு எண்ணெயைக் கொண்டுவருவதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் சில நிமிடத்தில் உள்ளே பிடித்துக்கொள்ளும். மூன்று வயர் இருந்தால் அது சென்சார். அதில் வயர் போட்டால் கண்ட்ரோல் யூனிட்டே எரியலாம்.

கேஜ் சொல்லும் கதை

கேஸ் அழுத்தத்தை இரண்டு முள்ளில் காட்டும் மேனிஃபோல்டு கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. இணைக்கும்போதும் கழற்றும்போதும் கண்ணாடி போட்டிருங்கள். கேஜின் இரண்டு வால்வுகளும் மூடியே இருக்கட்டும்.

எஞ்சின் ஓடாமல், வண்டி ஆறிய நிலையில் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். 20 டிகிரியில் சுமார் 4.7 பார், 25 டிகிரியில் 5.6, 30 டிகிரியில் 6.7. இதைவிட நிறையக் குறைந்தால் கேஸ் கிட்டத்தட்டக் காலி. சரியாகக் காட்டினால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், எவ்வளவு என்று இதில் தெரியாது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இது.

எஞ்சினை 1,200, 1,500 சுற்றில் வைத்து, ஏசியை முழுதாகப் போடுங்கள். லோ பக்கம் (காம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்) 1.5 முதல் 2.5 பார், ஹை பக்கம் (காம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கம்) வெயிலைப் பொறுத்து 12 முதல் 18 பார் வந்தால் ஆரோக்கியம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் அடைப்பு, ஃபேன் கோளாறு, அளவுக்கு மீறிய கேஸ், அல்லது உள்ளே காற்று. லோ பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வோ டிரையரோ அடைத்திருக்கிறது. லோ பக்கம் அதிகம், ஹை பக்கம் குறைவு என்றால் காம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. இதற்கு மட்டும் மலிவான வழி இல்லை.

என்3 ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான கணக்கு. டர்பன் கடல் மட்டம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். கடலோரத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், மேலே சுமார் 82. கேஜ் முள் வெளிக்காற்றை வைத்துத்தான் கணக்குக் காட்டுகிறது. அதனால் டர்பனில் வேக்குவம் போட்டால் முள் மைனஸ் 100 வரை போகும், ஜோகன்னஸ்பர்க்கில் மைனஸ் 82 பக்கத்தில் நின்றுவிடும். பம்ப்பில் தவறு இல்லை, அங்கே அவ்வளவுதான் முடியும். டர்பனில் மைனஸ் 82இல் நின்றால் மட்டும் உள்ளே காற்று இருக்கிறது. ஓடாத நிலை அழுத்தமும் மேலே 0.2 பார் கூடுதலாகக் காட்டும்.

கசிவைத் தேடுவது

என் மூன்று முறை அனுபவத்துக்குப் பிறகு நான் அதிக நேரம் கொடுப்பது இங்கேதான். கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வரும், அதில் தூசி ஒட்டும். ஆகவே எஞ்சினைக் கழுவும் முன் தேடுங்கள். குழாய் இணைப்பில், ஹோஸின் அலுமினியக் கழுத்தில், காம்ப்ரசர் முன் சீலுக்குக் கீழே, கண்டென்சர் மூலைகளில் ஈரமான கறுப்புத் திட்டு இருந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

காரில் இல்லாத ஒரு பிரச்சினை டிரக்கில் உண்டு. காம்ப்ரசர் எஞ்சினில் இருக்கிறது, எவாப்பரேட்டர் கேபினில் இருக்கிறது, கேபின் ஸ்பிரிங் மேல் தனியாக ஆடுகிறது. இரண்டையும் இணைக்கும் ஹோஸ் ஒவ்வொரு குழியிலும் வளைகிறது. கேபினைத் தூக்கும்போது இன்னும் அதிகமாக வளைகிறது. அந்த வளைவில் கையை விட்டு முழு நீளமும் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விரலுக்குத் தெரியும். கேபினை ஒரு முறை இறக்கி, ஒரு முறை தூக்கி, இரண்டு நிலையிலும் ஹோஸ் எதில் உரசுகிறது என்று பார்க்க வேண்டும். என் ஹோஸ் கேபின் கீழே இருக்கும்போது மட்டும்தான் அந்தப் பிராக்கெட்டைத் தொட்டது. அதனால்தான் கேபினைத் தூக்கிப் பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தடவிக் குமிழியைத் தேடுவது பழைய முறை, பெரிய கசிவுக்கு இன்றும் நல்லது. மெல்லிய கசிவுக்குச் சாயம். சாயம் போட்ட பிறகு குறைந்தது ஒரு நடை ஓட்டிவிட்டு, இருட்டில் பாருங்கள். எவாப்பரேட்டர் கண்ணுக்கு எட்டாது. ஆகவே தண்ணீர் வடியும் குழாயின் முனையில் டார்ச் அடியுங்கள், அங்கே ஒளிர்ந்தால் கசிவு உள்ளேதான். குழாய் முழுக்கக் காலியென்றால் நைட்ரஜனை ரெகுலேட்டரோடு விட்டுச் சோதிக்கலாம், 10 பாரைத் தாண்ட வேண்டாம். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே தள்ளும். மிச்சம் கேஸ் இருந்தால் அழுத்தத்தில் தீப்பிடிக்கவும் கூடும்.

கசிவை அடைக்கும் டப்பா மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. அது ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை. எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும், கேஸ் உறிஞ்சும் மெஷினையும் கெடுக்கும். அதைப் போட்ட வண்டியைத் தொட மாட்டோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. அதேபோல் ஆர்-134ஏவுக்குப் பதிலாக என்று விற்கும் புரோபேன் கலவையையும் வாங்காதீர்கள். அது அடுப்பு கேஸ். எவாப்பரேட்டர் கசிந்தால் நீங்கள் தூங்கும் கேபினுக்குள்தான் நிறையும்.

பாகம் மாற்றும்போது

முதலில் பதிவுள்ள கடையில் கேஸை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வண்டியின் ஸ்டிக்கரில் போட வேண்டிய எடை இருக்கும். வித்தியாசம்தான் கசிந்த அளவு. கூடவே வந்த எண்ணெயின் அளவையும் கேளுங்கள்.

பிறகு வண்டியை யார்டுக்குக் கொண்டுவந்து ஹோஸையோ கண்டென்சரையோ மாற்றுங்கள். அலுமினிய நட்டுகளுக்கு எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும். திறந்த வாயை உடனே மூடியோ டேப்போ போட்டு அடையுங்கள். காம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், டர்பன் காற்றில் இன்னும் வேகமாக. எண்ணெய் டப்பாவைத் திறந்தால் அன்றே பயன்படுத்துங்கள். பாதி டப்பாவை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம். என்ன தர எண்ணெய் என்று காம்ப்ரசர் லேபிளில் இருக்கும், வேறு எதையும் ஊற்றக் கூடாது.

ஓ-ரிங்குகள் ஏசிக்கென்றே விற்கும் ரகமாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் சில மாதத்தில் ஊதிப்போகும். புதியதில் அதே எண்ணெயை ஒரு துளி தடவி மாட்டுங்கள். பழையதை ஒருபோதும் திரும்பப் போடாதீர்கள். குழாயைத் திறந்தால் டிரையரையும் மாற்றுங்கள். அதன் மூடியைக் கடைசி நிமிடத்தில் கழற்றி மாட்ட வேண்டும், முன்பே திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்தே நிறைந்துவிடும்.

காம்ப்ரசரை மாற்றுகிறீர்களா? பழையதைக் கவிழ்த்து எண்ணெயை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து அளந்து பாருங்கள். அதே அளவைத்தான் புதியதில் வைத்திருக்க வேண்டும், மிச்சத்தை வடித்துவிடுங்கள். வடிந்த எண்ணெயில் வெள்ளி மாதிரி துகள் மினுங்கினால் பழைய காம்ப்ரசர் உள்ளே அரைபட்டுச் செத்திருக்கிறது. அந்தத் துகள் கண்டென்சருக்குள்ளும் போயிருக்கும். புதியதை மட்டும் மாட்டினால் ஒரு மாதம் தாங்காது. கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் சேர்த்து மாற்றி, குழாய்களைக் கழுவ வேண்டும்.

புது ஹோஸை மாட்டியதும் உரசிய பிராக்கெட்டின் விளிம்பை அரம் போட்டு மழுக்கி, ஹோஸ் மேல் பழைய ஹீட்டர் ஹோஸ் துண்டைப் பிளந்து உறையாக மாட்டி, இரண்டு இடத்தில் கட்டினேன். கேபினை இறக்கிப் பார்த்து, ஏற்றிப் பார்த்து, அப்புறம்தான் நிம்மதியாக இருந்தது.

கடைசிக் கட்டம்

திரும்பக் கடைக்குப் போகும்போது இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, வேக்குவம் குறைந்தது முக்கால் மணி நேரம், மழைக்காலம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பம்ப்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் நகராமல் நிற்பதைக் கண்ணால் பாருங்கள். நகர்ந்தால் கேஸ் போட விடாதீர்கள். இரண்டு, கேஸை எடை வைத்துப் போட வேண்டும். "கேஜைப் பார்த்துப் போடுகிறேன்" என்றால் வேறு கடைக்குப் போங்கள். அழுத்தம் வெயிலுக்கு ஏற்ப மாறும், எடை மாறாது.

போட்ட பிறகு கதவுகளை மூடி, உள்காற்றைச் சுழற்றும் பட்டனை அழுத்தி, புளோயரை நடு வேகத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நடு வெண்டில் தெர்மாமீட்டரை வையுங்கள். 30 டிகிரி நாளில் 10 டிகிரி பக்கத்தில் வந்தால் நல்ல வேலை. அந்த எண்ணையும், போட்ட எடையையும், தேதியையும், அன்றைய வெயிலையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சன் வைசருக்குப் பின்னால் ஒட்டுங்கள். என் வண்டியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 1.1 கிலோ, 31 டிகிரி, வெண்டில் 9 என்று இருக்கிறது. மாதம் ஒரு முறை தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கிறேன். நேற்றுப் பார்த்தபோதும் 9தான் காட்டியது.